இறுதியாட்டத்தின் நடுவே எடுத்த பெரட்டு

என்னிடம் இருப்பது ஒற்றைத் தாள், தட்டச்சுக் கடிதம் ஒன்றின் கார்பன் நகல். மாவட்டக் காவல் அலுவலகம் எங்கள் தோட்டத்துத் துரைக்கு அனுப்பியது. தேதி இருந்த மேல் மூலை கேமரன் மலையின் ஈரத்தில் ஊறி மை கலைந்துவிட்டது. "வரும் சனிக்கிழமை பிற்பகல் இரண்டரை மணிக்கு, தோட்ட அணிகளின் காற்பந்து இறுதியாட்டம், கீழ்க்கண்ட ஐந்து நிபந்தனைகளுக்கு உட்பட்டு" என்று தொடங்குவது மட்டும் தெளிவாக இருக்கிறது. ஆண்டை நானாகத்தான் கணக்கிட வேண்டியிருந்தது. 1948இல் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்படுவதற்கு ஒரு வருடம் முன்பு நான் சின்னக் கிராணியாக, அதாவது ஆபீசின் இளைய எழுத்தராகச் சேர்ந்தேன். இறுதியாட்டம் நடந்தபோது எனக்கு வேலையில் ஐந்தாவது வருடம் நடந்துகொண்டிருந்தது. ஆகவே 1952 என்று வைத்துக்கொள்கிறேன். எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரசர் கடைசிவரை 1951 என்றே சாதித்தார். அவர் டைரி எழுதும் வழக்கமில்லாதவர்.

இதை இப்போது எழுதக் காரணம், ஆபீசில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகள். காலைப் பெரட்டுக்குப் பதில் அட்டையைச் செருகினால் நேரம் பதியும் இயந்திரம் வருகிறதாம். அதைச் சொல்ல வந்தவர்கள், "நீங்க ஃபைனல் மேட்ச் நடுவுல பெரட்டு எடுத்தீங்களாமே, சார்? நெசமா?" என்று கேட்டார்கள். நிஜம்தான். ஆனால் அவர்கள் கேள்விப்பட்ட கதையில் துப்பாக்கிச் சூடும் ஒரு புலியும் இருந்தன. இரண்டும் கிடையாது.

வெளியார் படித்தால் புரிய வேண்டுமே என்பதற்காகச் சொல்கிறேன்: பெரட்டு என்பது வேலைக்குப் போகுமுன் எல்லோரையும் வரிசையில் நிறுத்திப் பெயர் வாசித்து ஆள் கணக்கெடுப்பது. முதல் ஒரு வருடம் எனக்கு இருந்த பெரிய வேலை அதுதான். விடியுமுன் ஆபீஸ் வாசலில் தொங்கும் தண்டவாளத் துண்டை இரும்புக் கம்பியால் விடாமல் அடிக்க வேண்டும். லயன் வீடுகளிலிருந்து ஆட்கள் வந்து நின்றதும் பேரேட்டைத் திறந்து வாசிக்க வேண்டும். பெயர் கேட்டதும் "இருக்கேன் கிராணி" என்று பதில் வரும். பதில் சொன்னவர் அப்படியே நிற்க வேண்டும். கிராணி ஏட்டை மூடும்வரை யாரும் அசையக் கூடாது. கொழுந்து எடை, செடி வெட்டிவிடும் கவ்வாத்து ஏக்கர், நோயாளிப் பட்டியல் எல்லாம் பிறகு கற்றுக்கொண்டவை. அவற்றைச் சொல்லி உங்களை அலுக்க வைக்கப் போவதில்லை.

பெரிய கிராணி யாழ்ப்பாணத்துக்காரர். நடேசபிள்ளை என்று பெயர். மலைக் குளிரிலும் வெள்ளைக் கோட்டு, கழுத்தில் டை, மடக்கிய குடை. ஒரு தாளை வாசிக்கக் கொடுத்தால் முதலில் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பார். "பின்னாலை ஒண்டும் இல்லை எண்டு முதல்லை தெரியவேணும் காணும்" என்பார். என்னை ஒருநாளும் திட்டியதில்லை. தவறு கண்டால் அந்த வரிக்கு நேரே ஏட்டின் ஓரத்தில் பென்சிலால் ஒரு சிறு புள்ளி வைப்பார். காலையில் ஏட்டைத் திறந்ததும் நான் புள்ளிகளைத்தான் எண்ணுவேன். புள்ளி இல்லாத நாளில் எனக்கு ஒரு கோப்பை தேநீர் அவர் வீட்டிலிருந்து வரும். ஏன் வந்தது என்று அவர் சொல்ல மாட்டார். நானும் கேட்க மாட்டேன்.

அவசரகாலம் வந்ததும் தோட்டம் முள்வேலிக்குள் போயிற்று. சாப்பாடு வேலிக்கு வெளியே போகக் கூடாது, காட்டில் ஒளிந்து போராடும் கம்யூனிஸ்டுகள் கைக்குப் போய்விடும் என்று. கடையில் பால் டின் வாங்கினால் கடைக்காரரே ஆணியால் ஓட்டை போட்டுத்தான் தருவார், சேர்த்துவைக்க முடியாதபடி. பக்கத்துத் தோட்டத்தில் கட்டிக் கொடுத்த மகளைப் பார்க்கப் போவதற்கும் பாஸ் வேண்டும். தண்டவாளமும் மாறியது. விடாமல் அடித்தால் அது ஆபத்து மணி: கேட்டவுடன் நின்ற இடத்தில் படுக்க வேண்டும், ஓடக் கூடாது, காவலர் எழச் சொல்லும்வரை எழக் கூடாது. பெரட்டுக்கும் வேலை முடிவதற்கும் மூன்று அடி, ஓர் இடைவெளி, மறுபடி மூன்று அடி. முதல் வருடம் நான் விடாமல் அடித்துப் பழகிய கை. அதை மறக்கடிக்கப் பெரிய கிராணி ஒரு வாரம் என் பக்கத்தில் நின்று, "மூண்டு. நிப்பாட்டும். மூண்டு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்படி அடைபட்டுக் கிடந்த தோட்டங்களுக்கு மிஞ்சியது காற்பந்து ஒன்றுதான். வருடம் முழுக்க லீக் ஆட்டம் நடக்கும். பாதி ஆட்டம் பாஸ் கிடைக்காமல் நின்றுபோகும். லீக் முடிந்ததும் முதல் நான்கு இடம் பிடித்த அணிகள் அடுத்தடுத்த இரண்டு சனிக்கிழமைகளில் கேடயத்துக்கு மோதும். ஆடுவோருக்குக் கேடயம், பார்ப்போருக்கு அண்ணன் தங்கையை, மாமியார் மருமகளைக் கண்ணால் காணும் ஒரே நாள். லாரியிலிருந்து இறங்கும்போதே அழுகை தொடங்கிவிடும். ஆட்டத்தை முதல் பாதியில் யாரும் ஒழுங்காகப் பார்த்ததாக நினைவில்லை.

அந்த வருடம் இறுதிக்கு வந்தவை எங்கள் கல்லுமலைத் தோட்டமும், கோலா தெர்லாவுக்கு மேலே இருந்த பாலத்துத் தோட்டமும். இவை நாங்கள் வழங்கிய பெயர்கள். கம்பெனிப் பெயர்கள் வேண்டாம். ஆட்டம் எங்கள் ஆபீசுக்கு முன்னால் இருந்த மைதானத்தில். அனுமதிக் கடிதத்தின் ஐந்து நிபந்தனைகளையும் பெரிய கிராணி எனக்கு மனப்பாடம் ஆக்கினார். அடையாள அட்டை உள்ளவர்கள் மட்டும். வரும்போதும் போகும்போதும் ஆள் கணக்கு. உணவுப் பொட்டலம் கிடையாது. நாலரைக்குக் காவல் வண்டிகளுடன் லாரி புறப்பட்டாக வேண்டும். ஐந்தாவதுதான் முக்கியம்: மைதானத்தைச் சுற்றிச் சுண்ணாம்பு பூசி வைத்த கற்களைத் தாண்டி யாரும் தேயிலைக்குள் இறங்கக் கூடாது. தாண்டுபவரைக் காவலர் எச்சரிக்காமலே சுடலாம்.

இந்த ஐந்தாவது நிபந்தனையில் ஒரு சங்கடம் இருந்தது. எங்களிடம் ஒரே பந்து. கோல் கம்பத்துக்கு வலை கிடையாது. கீழ்க் கோலுக்குப் பின்னால் தேயிலைச் சரிவு, அதன் அடியில் முள்வேலி. பந்து வெளியே போனால் உதைத்தவனே ஓடிப்போய் எடுத்துவர வேண்டும் என்பது மலைத் தோட்டங்களின் வழக்கம். பெரிய கிராணி காவலர் தலைவர் கோப்ரல் யூசோப்பிடம் பேசி, பந்து சரிவில் இறங்கினால் ஒரு காவலர் கூடவே போவார் என்று ஏற்பாடு செய்தார். இரண்டு பேரும் அதைக் கடிதத்தின் ஓரத்தில் எழுதிக் கையெழுத்திட்டார்கள்.

டிரசர்தான் நடுவர். நான் நேரக்காப்பாளன். முடிவு நேரம் வந்ததும் சிவப்புத் துணியை உயர்த்த வேண்டும். டிரசர் விசில் ஊதுவார். இரண்டரைக்குத் தொடங்கியது. பிரிஞ்சாங் ஊரிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் மாமாக் கடைக்காரர் பால் டின்களை ஆணியால் குத்திக் குத்தித் தேநீர் ஆற்றினார். "என்ன பாய், டின்னுக்கு ரெண்டு ஓட்டையா?" என்று யாரோ கேட்க, "ஒண்ணு சர்க்காருக்கு, ஒண்ணு பால் எறங்க" என்றார். முதல் கோல் எங்கள் அணி போட்டது. இடைவேளைக்குப் பிறகு அவர்கள் சமன் செய்தார்கள்.

மூன்றேமுக்கால் வாக்கில் மூடுபனி இறங்கியது. இங்கே அது மெதுவாக வராது. மேல் சரிவிலிருந்து ஒரே தள்ளாகத் தள்ளிக்கொண்டு வரும். ஐந்து நிமிடத்தில் மைதானத்தின் பாதி காணாமல் போயிற்று. பந்து உதைபடும் சத்தமும் வசவும்தான் கேட்டன.

"டேய், யாரு கால்லடா ஒதைக்கிற? நா ஒன் ஆளுடா!"

"சத்தம் போட்டு ஆடுலா! பூனை மாதிரி வந்தா எப்படித் தெரியும்?"

டிரசர் ஆட்டத்தை நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் மறு ஆட்டத்துக்கு அனுமதி கிடைக்காது என்பதால் அவர் நிறுத்தவில்லை. நேரம் முடிந்தது. துணியை உயர்த்தினேன். என் கை நுனியில் இருந்த துணியே எனக்கு மங்கலாகத் தெரிந்தது. கத்தினேன், கூட்டத்தின் கத்தலில் அது கரைந்தது. எனக்குப் பின்னால் பத்தடியில் ஆபீஸ், வாசலில் தண்டவாளம். வேலை முடிந்தால் மூன்று அடி. ஓடிப்போய் மூன்று அடித்தேன். பந்துச் சத்தம் நிற்கவில்லை. மறுபடி மூன்று. அப்போதும் யாரோ ஓடும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு என் கை இடைவெளி விட மறந்தது. முதல் வருடக் கை. விடாமல் அடித்துக்கொண்டே இருந்தேன். எத்தனை அடி என்று எனக்குத் தெரியாது.

நிறுத்தியபோது உலகத்தில் ஒரு சத்தமும் இல்லை. ஒரு குழந்தைகூட அழவில்லை. பனிக்குள் நான்கு பக்கமும் துப்பாக்கிகளின் தாழ்கள் இழுபடும் சத்தம் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டது. இரண்டு தோட்டத்து ஜனமும் தரையில் படுத்திருந்தது. நான் ஒருவன்தான் கையில் கம்பியோடு நின்றுகொண்டிருந்தேன்.

என் காலடியிலிருந்து ஒரு குரல் வந்தது. வெள்ளைக் கோட்டோடு புல்லில் குப்புறப் படுத்திருந்த பெரிய கிராணி தலையை மட்டும் உயர்த்தினார்.

"என்ன காணும், ஆர் அடிச்சது?"

"நான்தான் ஐயா. ஆட்டம் முடிஞ்சிருச்சு."

"அது உமக்குத் தெரியும். உவையளுக்கு?"

அவர் மெல்ல எழுந்து, கோப்ரலின் பெயரைச் சொல்லி, பிறகு தன் பெயரைச் சொல்லி, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு கோப்ரல் இருந்த மணல்மூட்டைக் காவலிடத்துக்கு நடந்தார். நான் பின்னாலேயே போனேன். தவறான மணி என்று மலாயில் விளக்கினார். கோப்ரல் கேட்டுக்கொண்டார், ஆனால் கண் கீழ்ச் சரிவை விட்டு அகலவில்லை. அவர் பக்கத்திலிருந்த காவலர், அங்கே செடிகள் அசையும் சத்தம் கேட்பதாகக் கைகாட்டியிருந்தார்.

அதே நேரம் புல்லிலிருந்து எங்கள் அணிப் பையன் ஒருவன் அடங்கிய குரலில் சொன்னான்: "கிராணி... முனியன் பந்தெடுக்கக் கீழ போயிட்டான்."

முனியன் எங்கள் முன்னணி ஆட்டக்காரன், கவ்வாத்துக் கூட்டத்து ஆள். கல்யாணமாகி எட்டு மாதம். கூடப் போக வேண்டிய காவலர் மணி கேட்டதும் படுத்துவிட்டார். முனியன் சுண்ணாம்புக் கல்லைத் தாண்டித் தனியே இறங்கியிருந்தான். கீழ்க் காவலிடத்தின் இரண்டு துப்பாக்கிகள் அவன் இருந்த இடத்தைப் பார்த்திருந்தன. என் கம்பியால் வந்த வினை. நான் வாயைத் திறந்து அவன் பெயரைக் கத்தப் போனேன். பெரிய கிராணி என் தோளை அழுத்தினார்.

"கூப்பிடாதேயும். கூப்பிட்டா ஓடி வருவான். ஓடுறவனைத்தான் சுடுவினம்."

"அப்ப என்னங்க ஐயா செய்யிறது?"

  அவர் கோப்ரலிடம் திரும்பிச் சொன்னார்: இப்போது ஆள் கணக்கு எடுக்கப் போகிறோம். பெயர் வாசிக்கும்போது ஒரு பதில் சரிவுக்குக் கீழே இருந்து வரும். அந்த ஆள் என் பொறுப்பு. கோப்ரல் தன் ஆட்களுக்கு, "ஜாங்ஙான் தெம்பாக்" என்று குரல் கொடுத்தார், சுடாதே என்று. ஆனால் பனிக்குள் அந்தக் குரல் கீழ்க் காவலிடம்வரை எட்டியதா என்று அவருக்கே நிச்சயமில்லை. உடனே ஓர் ஆளை அங்கே ஊர்ந்துபோக அனுப்பினார்.

பெரிய கிராணி தன் கோட்டுக்குள்ளிருந்து பேரேட்டை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"பெரட்டிலை ஒருத்தனும் ஓடமாட்டான். பேரைக் கேட்டா நிண்ட இடத்திலை நிண்டு பதில் சொல்லுவான். ஏட்டை மூடுமட்டும் அசையான். முதல் பேரிலை இருந்து வாசியும். ஒண்டும் விடப்படாது."

"நீங்க வாசிங்க ஐயா. எனக்கு நாக்கு வரல."

"நாள்தோறும் அவன் கேக்கிறது உம்முடைய குரலைத்தான். வாசியும்."

வாசித்தேன். முனியன் பெயர் ஏட்டில் மூன்றாவது பக்கம். முதல் பெயருக்குப் பதில் வரவில்லை. படுத்திருந்த ஜனத்துக்கு நான் பைத்தியமாகிவிட்டேனோ என்று தோன்றியிருக்கும். மறுபடி வாசித்தேன். புல்லிலிருந்து ஒரு கிழவரின் குரல், காலைப் பெரட்டில் வரும் அதே சோம்பலோடு, "இருக்கேன் கிராணி" என்றது. அடுத்தது. அடுத்தது. குரல்கள் பனிக்குள் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கிளம்பின. ஒரு பெயருக்கு வேறொரு பெண் பதில் சொன்னாள்: "அவ வரல கிராணி, காய்ச்சல்னு காலையிலயே சொன்னேன்ல? எழுதிக்கலையா?" யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு கீழேயும் கேட்டிருக்கும்.

இரண்டாம் பக்கத்தில் எனக்கு அவசரம் தாங்கவில்லை. பக்கத்தின் அடியிலிருந்த சில பெயர்களைத் தாண்டிப் பக்கத்தைத் திருப்பினேன்.

"நாலு பேரை விழுங்கிப் போட்டீர் காணும். திரும்ப மேலை போம்."

"ஐயா, அதுக்குள்ள..."

"அவன் கீழை எண்ணிக்கொண்டிருப்பான். ஒழுங்கு பிசகினா இது பெரட்டில்லை எண்டு நினைப்பான். போம்."

திரும்பப் போனேன். அந்த நான்கு பேரின் பெயர்களை இன்றும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். பிறகு மூன்றாம் பக்கம். முனியனுக்கு முந்திய பெயர் அவன் அண்ணனுடையது. அண்ணன் பதில் சொன்ன குரல் உடைந்திருந்தது. நான் முனியன் பெயரை வாசித்தேன். மற்றப் பெயர்களை வாசித்த அதே அளவில்தான் வாசித்தேன் என்று நம்புகிறேன்.

ஒன்றும் வரவில்லை.

பெரிய கிராணியின் குடை நுனி தரையில் ஒருமுறை தட்டியது. மறுபடி வாசி என்று பொருள். வாய் திறக்குமுன் கீழே வெகு தாழ்விலிருந்து, தேயிலைக்குள்ளிருந்து, வந்தது:

"இருக்கேன் கிராணி!" சிறிது விட்டு, "பந்தும் இருக்கு!"

பெண்கள் பக்கத்தில் ஒரு விம்மல் வெடித்தது. நான் ஏட்டை மூடப் போனேன். பெரிய கிராணி விடவில்லை. "இன்னும் ரெண்டு பக்கம் இருக்கு" என்றார். வாசித்தேன். எங்கள் ஏடு முடிந்ததும் பாலத்துத் தோட்டத்துக் கிராணி அவர்கள் ஏட்டை வாசித்தார். இரண்டு ஏடும் சரியாக வந்த பிறகுதான், ஊர்ந்துபோன ஆள் கீழ்க் காவலிடத்திலிருந்து விசில் கொடுத்த பிறகுதான், கோப்ரல் எழச் சொன்னார். முனியன் பந்தைத் தலைக்கு மேல் இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்தபடி ஓர் அடி, ஓர் அடியாக ஏறி வந்தான். உடம்பெல்லாம் சேறு. கோப்ரல் அவன் பந்தைத் தட்டிப் பார்த்து, "இனி பந்துக்கும் ஐ.சி. வேணும்லா" என்று அடையாள அட்டையைச் சொன்னார், தமிழில்.

உயிர் வந்த ஜனத்துக்கு உடனே ஆட்டம் நினைவு வந்தது. கோலா இல்லையா? முனியன் கோல் என்றான். எங்கள் ஆட்கள் அவனைத் தூக்கினார்கள். பாலத்துத் தோட்டத்தார், எல்லோரும் படுத்திருக்கும்போது போட்ட கோல் என்ன கோல் என்றார்கள். டிரசர் கையை விரித்தார்: "நா மூஞ்சியப் புல்லுல வச்சிருந்தேன். எறும்பு பார்த்தேன், பந்து பார்க்கல."

பெரிய கிராணி பேனாவைத் திறந்தார். "பந்து போனதைப் பாக்கக்கூடிய ஆள் ஒராள்தான். கீழ்க் கோல்காரன் ஆர்?"

தங்கராசு முன்னால் வந்தான். பாலத்துத் தோட்டத்து அணித் தலைவன், எடை மேடையில் வேலை, பேச்சு குறைவான ஆள். மூன்று வருடமாகக் கேடயத்துக்காக ஆடி மூன்று வருடமும் இறுதியில் தோற்றவன்.

"உண்மையைச் சொல்லும். நான் எழுதுறன். மணிக்கு முன்னமோ, பிறகோ?"

பெரிய கிராணி எழுதப்போகும் தாளைத் தங்கராசு பார்க்கவில்லை. முனியனைப் பார்த்தான். முனியனின் மனைவி அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிடியை விடவே இல்லை. அவன் பல் குளிரில் தந்தியடித்தது.

"முன்னாடிதாங்க. என்னயத் தாண்டிப் போச்சு. அப்புறந்தான் மொத மூணு அடி கேட்டுச்சு."

"டேய், படுத்துக் கெடந்தியேடா நீ!" என்று அவன் ஆட்களே கத்தினார்கள். "யாருக்குடா ஆடுற?"

"கோல்தான்டா. லாரி ஏறு."

நாலரைக்கு ஒரு நிமிடம் முன்பு லாரிகள் புறப்பட்டன. கேடயம் எங்களிடம் இருந்தது. பெரிய கிராணி என்னை உட்கார வைத்து, என் தவறை நிமிட வாரியாக அறிக்கையாக எழுதச் செய்தார். ஒரு சொல்லையும் தணிக்க விடவில்லை. காவல் அதிகாரி அதைப் படித்து, அடுத்த வருடமும் அனுமதி தந்தார். ஆறாவதாக ஒரு நிபந்தனை சேர்ந்தது: ஆட்ட நேரத்தில் தண்டவாளத்தைச் சாக்கால் சுற்றிக் கட்டிவைக்க வேண்டும். நேரக்காப்பாளன் பொறுப்பு என்னிடமிருந்து போயிற்று. அறிக்கையின் நகலில் பெரிய கிராணி ஒரு புள்ளியும் வைக்கவில்லை.

பல வருடம் கழித்து, வேலிகள் எடுக்கப்பட்ட பிறகு, முனியனிடம் அந்தக் கடைசி உதையைப் பற்றி விவரமாகக் கேட்டு எழுதிக்கொண்டேன். அவன் சொன்னது இது: "மொத மூணு அடி கேட்டுச்சு கிராணி. நேரமாச்சு, சீக்கிரம் அடிச்சுப்புடணும்னு ஓடுனேன். ஒருத்தனும் குறுக்க வரல. எல்லாரையும் வெட்டிட்டேன்னு நெனச்சேன்லா! அடிச்சிட்டு பந்து பின்னாடியே எறங்கிட்டேன். செடிக்குள்ள போனப்பறந்தான் மணி விடாம அடிக்குதுன்னே ஒறைச்சது, படுத்துட்டேன். படுத்துக்கிட்டேதான் பந்தத் தேடுனேன்."

அப்படியானால் கோல் முதல் மூன்று அடிக்குப் பிறகு, அதாவது ஆட்டம் முடிந்த பிறகு; அது செல்லாது. தங்கராசு சொன்னதோ முன்பு. இருவரில் ஒருவர் சொன்னது தவறு. கோல் போட்டவனே தனக்கு எதிராகச் சொல்வதற்குக் காரணம் எனக்குத் தெரியவில்லை. தோற்றவன் தனக்கு எதிராகச் சொல்வதற்கு, அன்று அவன் முனியனைப் பார்த்த பார்வையை நினைத்தால், ஒரு காரணம் எனக்குத் தோன்றுகிறது. தோன்றுவதை நான் ஏட்டில் எழுதுவதில்லை. தங்கராசை மூன்று முறை சந்தித்துக் கேட்டேன், கடைசியாகக் கம்போங் ராஜாவில் அவன் மகன் கடையில். மூன்று முறையும் ஒரே பதில்: "எழுதியாச்சுல்ல கிராணி, விடுங்க." இப்போது அவன் இல்லை. பந்து கோட்டைத் தாண்டியபோது அவன் நின்றுகொண்டிருந்தானா, படுத்திருந்தானா என்பது இன்றுவரை உறுதிப்படவில்லை.